எங்கம்மா மருந்துல எதுவும் சாகாது

அண்ணே, அந்தப் பைய மோந்து பாக்காதீங்க. மீனுமில்ல, கருவாடுமில்ல. ஐஸ் வச்சுத்தான் கட்டுனேன். பஸ்ஸு லேட்டா வந்ததுல கரைஞ்சு ஒழுகுது. செருப்ப மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுத்துக்கங்க.

உள்ள என்னன்னு சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க யாருன்னு சொல்லுங்க. கண்ணாடிக் கடையா? மூக்குக் கண்ணாடியா? மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு எங்க ஊர்ப் பக்கம் என்ன சோலி? ஓ, கண்ணு முகாம். சரி, ஒத்துக்கிறேன். தப்பா நெனைக்காதீங்கண்ணே. ரெண்டு மூணு நாளா நான் யாரையும் நம்புறதில்ல. பூச்சிமருந்துக் கம்பெனி ஆளுகளும் இப்படித்தான், சட்டைய உள்ள விட்டுக்கிட்டு, தோள்ல ஒரு பேக்கப் போட்டுக்கிட்டு, பேசுறவன் வாயவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாய்ங்க.

செத்த கோழிண்ணே.

கத்தாதீங்க! கண்டக்டருக்குக் கேட்டா எறக்கி விட்டுருவாரு. அவரு ஏற்கெனவே என் மேல காண்டுல இருக்காரு. ஸ்டாண்டுல அவரு டீ குடிக்கப் போனப்ப, "போலா ரேய்ட்!"னு அவரு குரல்லயே ஒரு சவுண்டு குடுத்தேன். டிரைவரு வண்டிய எடுத்துட்டாரு. இவரு கிளாஸோட ஓடி வந்தாரு பாருங்க, சட்டை பூராம் டீ. யாரு பண்ணுனதுன்னு தெரியாது. சந்தேகம் மட்டும் இருக்கு. இருக்கட்டும், சந்தேகத்த வச்சு என்ன பண்ண முடியும்?

எனக்கு எந்தக் குரலும் வரும்ணே. ஒருதடவ கேட்டாப் போதும். இன்னிக்கு என் ஹைஸ்கூலுக்கு லீவு சொன்னதே எங்கப்பா குரல்லதான். "க்ஹும்... சார், நான் குருசாமி பேசுறேன், பயலுக்கு வயித்தால போகுது சார்." ஹெட்மாஸ்டரு ஓ.ஆர்.எஸ். குடுக்கச் சொன்னாரு. பாவம், நல்ல மனுசன்.

கோழி எங்களுது இல்ல. பக்கத்துத் தோட்டத்து ஒச்சம்மா அத்தையோடது. மொத்தம் எட்டு செத்துச்சு. குழி தோண்டிப் பொதைக்கிறதுக்குள்ள ஒண்ண நான் சுட்டுட்டேன். என் கூட்டாளி வீட்டு ஃப்ரீசர்ல, மாவுச் சட்டிக்குப் பின்னால வச்சிருந்தேன். அவங்கம்மாவுக்குத் தெரியாது. இப்பக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லியிருக்கேன். அறுத்துப் பாத்து, இது எதுனால செத்துச்சுன்னு டாக்டர் ஒரு வார்த்தை சொல்லணும். எங்கம்மா வேலை அந்த வார்த்தையிலதான் நிக்குது.

எங்கம்மா பேரு வேலம்மா. ஊர்ப் பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆக்குது. விடியக்காலையில தோட்டம், அப்புறம் பள்ளிக்கூட அடுப்பு. எங்க ஊர்ல ஒண்ணாப்புலருந்து அஞ்சாப்பு வரைக்கும் எந்தப் பிள்ளைக்கு முட்டை பிடிக்கும், எது வெள்ளைய மட்டும் தின்னுட்டு மஞ்சளத் தூர எறியும், எல்லாம் அதுக்குத் தெரியும். நேத்து அது ஆக்குன சாம்பார் சாதத்த ஒரு பிள்ளை தொடலண்ணே. எல்லாப் பிள்ளை கையிலயும் வீட்டு டிபன் பாக்ஸு. "விஷம் காய்ச்சுற கையி, அது ஆக்குனதத் திங்காத"ன்னு சொல்லி அனுப்பியிருக்காய்ங்க. அண்டா அப்படியே இருந்துச்சு. நாளைக்குப் பெத்தவங்க கூட்டம். எங்கம்மாவ அடுப்படியிலருந்து எடுக்கணும்னு ஊரே பேசி வச்சிருக்கு.

ஆனா எங்கம்மா காய்ச்சுனது விஷமே இல்ல. அதச் சொன்னாத்தான் ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான்.

கதை என்னன்னா, இந்தத் தடவ முட்டைக்கோசு போட்டிருந்தோம். எலை பூராம் பச்சைப்புழு. சல்லடை மாதிரி ஓட்டை போட்டு வச்சிருச்சு. அந்த நேரம் பாத்து சமுதாயக் கூடத்துல ஒரு சாரு வந்து பயிற்சி குடுத்தாரு. அவரு எப்படிப் பேசுவாரு தெரியுமா? "ஓகேவாம்மா? புரியுதாம்மா? புழுவக் கொல்றது நம்ம வேலை இல்லம்மா. புழு சாப்பாட்டக் கெடுக்குறதுதான் நம்ம வேலை. ஓகேவா? கசப்பு எலை, நாத்த எலை, இதையெல்லாம் ஊறவச்சு, வடிகட்டி, செடி மேல தெளிச்சீங்கன்னா, புழு வாயி வைக்காது. பட்டினி கெடந்து ஓஞ்சு போயிரும். ஓகேவா? எந்த எலைய ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்குதோ, அந்த எலைய எடுங்க. வெரி குட், டீ சாப்பிடுங்க."

எங்கம்மா அத அப்படியே பிடிச்சுக்கிருச்சு. ஆனா எங்க ஆடு இருக்கே, அது ஒரு பரதேசிண்ணே. தேர்தல் போஸ்டரு தின்னும், என் கால்சட்டை தின்னும், ஒரு தடவ சோப்பையே தின்னுட்டு நுரை தள்ளிக்கிட்டு நின்னுச்சு. அது எந்த எலைக்கு மூஞ்சியத் திருப்பப் போகுது? அதுனால எங்கம்மா கொப்ப ஒடிச்சுக் கையில வச்சுக்கிட்டு, ஊர்ல இருக்கிற ஆட்டுக்கெல்லாம் போயி நீட்டுச்சு. வேப்பங்கொப்ப ஆடு சந்தோசமாத் தின்னுருச்சு. சாரு சொன்னாருன்னு அதயும் சேத்துக்கிருச்சு. நொச்சியத் திங்கல. ஆடாதொடையத் திங்கல. எருக்க மோந்துட்டுத் தும்முச்சு. அப்பவே ரெண்டு பொம்பளைக ஓரமா நின்னு குசுகுசுன்னு பேசுனாளுக. "எதுக்கு இவ நம்ம ஆட்டுக்கு என்னத்தையோ நீட்டுறா?" எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. கேளுங்க, பின்னாடி வந்தது வேணும்னே கட்டிவிட்ட பழிதான்.

எல்லாத்தையும் இடிச்சு, பெரிய பானையில ஊறப்போட்டு, காதி சோப்பு கரைச்சு ஊத்தி, எங்கம்மா ஒத்தையாளா அடிச்சுச்சு. நாத்தம்னா நாத்தம், வீட்டுக்குள்ள ஈ வரல.

மூணு நாள் கழிச்சு எங்கப்பா தோட்டத்துக்குப் போனாரு. பீடிய ஒதுக்கி வச்சுக்கிட்டு, குனிஞ்சு பாத்தாரு. "க்ஹும்... அடியே வேலம்மா. ஒம் மருந்தக் குடிச்சுப்புட்டு புழு நல்லா காலாட்டிக்கிட்டுப் படுத்திருக்குடி."

"படுத்திருக்குல்ல? திங்குதா? புதுசா ஒரு ஓட்டை இருக்கா பாருங்க."

"ஓட்டைய எவன்டி பாத்தான்? புழு உசுரோட இருக்கா இல்லையா?"

"சாகாதுங்க. வயித்துக்கு இல்லாம அதுவா ஓஞ்சு விழுந்துரும். கொஞ்சம் பொறுங்க."

"சாகாத மருந்து என்னடி மருந்து? அங்க சங்கிலி தோட்டத்தப் போயிப் பாரு."

சங்கிலி மாமா ஒச்சம்மா அத்தை வீட்டுக்காரரு. அவரு தோட்டத்துலயும் கோசுதான். கடையில இருக்கிறதுலயே பவரான டப்பாவ வாங்கி அடிச்சிருந்தாரு. வாயில துண்டக் கட்டிக்கிட்டு நின்னு, எங்கப்பாவப் பாத்தாலே ஆரம்பிச்சிருவாரு. "அதாவது மாப்ள, அடிச்சது நேத்து சாயங்காலம். அதாவது காலையில வந்தா, வாருகோல் வச்சுக் கூட்டி அள்ளலாம் மாப்ள." நெசம்தான். வாய்க்கா ஓரமெல்லாம் புழு உதிர்ந்து கெடந்துச்சு.

எங்கப்பா ஒரே பேச்சாச் சொல்லிட்டாரு. "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். நம்ம தோட்டத்துல புழு செத்துக் கெடக்கணும். இல்லன்னா சங்கிலி வாங்குன அதே டப்பாவ நானும் வாங்கியாந்து அடிச்சிருவேன். ஒம் பானைய ஒடச்சிருவேன்."

எங்கம்மா உக்காந்து எலை எலையாத் திருப்பிப் பாத்துக்கிட்டிருந்துச்சு. புது ஓட்டை ஒண்ணுகூட இல்லண்ணே. நானும் பாத்தேன். எங்கம்மா பக்கம் நியாயம் இருந்துச்சு. பொணம்தான் இல்ல.

நான் விடுவேனா?

வெள்ளிக்கெழம வெள்ளனத்துல, எங்கப்பா கெளம்புறதுக்கு முன்னாடியே ஒரு பிளாஸ்டிக் கவரு எடுத்துக்கிட்டுப் போயி, சங்கிலி மாமா வாய்க்காலருந்து புழுவ அள்ளுனேன். அள்ளி, எங்க கோசுக்கு அடியில தூவுனேன். சும்மா கொட்டிட்டு வரல. சில எடத்துல கும்பலா, சில எடத்துல ஒத்தையா. ஒண்ணு ரெண்ட எலை நுனியில தொங்க விட்டேன். பாக்க உருக்கமா இருக்கணும்ல?

எங்கப்பா வந்து பாத்தாரு. பீடி வாயிலருந்து விழுந்துருச்சு! "வேலம்மா! ஏ வேலம்மா! செத்துருச்சுடி!" நேரா டீக்கடைக்குப் போயிட்டாரு. "எம் பொண்டாட்டி மருந்துல புழு கொத்துக் கொத்தா சாகுதப்பா. கம்பெனிக்காரன் பிச்சை வாங்கணும்." அன்னிக்கு முழுக்க அவரு நடையே வேற.

எங்கம்மாதான் ஒரு புழுவக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "ஏன்டா யோகேசு, இது எப்படிறா செத்துச்சு?"

"பட்டினிம்மா."

"பட்டினியில செத்தா வத்திப் போயிருக்கும்டா. இது தின்ன வயிறாட்டம் இருக்கு."

"அப்ப மாரடைப்பா இருக்கும்மா"ன்னேன். சிரிச்சிருச்சு. ஆனா கைய நல்லாக் கழுவுச்சு. அப்பா பானைய ஒடைக்கல. அம்மா ஜெயிச்சிருச்சு. விஷயம் அதோட முடிஞ்சிருக்கணும்ணே. முடிய விடல. அங்கதான் எவனோ வேலையக் காட்டியிருக்கான்.

ஒச்சம்மா அத்தை, மாமா மருந்தடிச்ச நாள்லருந்து கோழிகளப் பஞ்சாரத்துலயே கவுத்து வச்சிருந்துச்சு. அதுக உள்ள கெடந்து கத்துதுக. சனிக்கெழம சாயங்காலம் எங்கம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லுச்சு, "ஏன் மதினி அடைச்சுப் போட்டுக் கொல்ற? எந் தோட்டத்துல விஷமே கெடையாது. எங்க பக்கம் தொறந்து விடு." ஞாயித்துக்கெழம காலையில அத்தை தொறந்து விட்டுச்சு. எட்டும் எங்க கோசுத் தோட்டத்துல சந்தோசமா கெளறிக்கிட்டுத் திரிஞ்சுதுக. மத்தியானம் பாத்தா ஒவ்வொண்ணாத் தலையத் தொங்கப் போட்டுச்சு. சாயங்காலம் எட்டும் காலி.

ஒச்சம்மா அத்தைக்கு மைக்கே வேணாம்ணே. "அடிப்பாவி வேலம்மா! ஒன்ன நம்பித்தானடி விட்டேன்! விஷமில்ல விஷமில்லன்னு வாய் கூசாமச் சொன்னியேடி!" எங்கம்மா, "எம் மருந்து எதையும் கொல்லாது மதினி"ன்னு சொல்லுது. அத்தை விடுமா? "ஒம் புருசனே டீக்கடையில சொன்னாரே, கொத்துக் கொத்தா சாகுதுன்னு! இல்லன்னு சொல்லச் சொல்லுடி!" எங்கப்பா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு இருமுறாரு. க்ஹும், க்ஹும்.

அன்னிக்கே நான் விசாரணைய ஆரம்பிச்சுட்டேன். எனக்கு முதல் சந்தேகம் சங்கிலி மாமா மேலதான். எட்டுக் கோழி செத்திருக்கு, மனுசன் கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல. குழி தோண்டுறாரு, குழிக்குள்ள சுண்ணாம்பு போடுறாரு, சோலிய முடிச்சிட்டுக் கைகால் கழுவுறாரு. இது என்ன பழக்கம்? ஏற்கெனவே யோசிச்சு வச்ச ஆளு மாதிரி. ரெண்டாவது, மாமாவுக்கு டப்பா வித்த பூச்சிமருந்துக்கடை அண்ணாச்சி. எங்கம்மா மருந்து பரவுனா யாருக்கு நட்டம்? அவருக்குத்தான. ரெண்டு பேரும் சேந்து கோழிக்கு எதையோ வச்சிட்டு எங்கம்மா தலையில கட்டிட்டாய்ங்க. இல்லைங்குறீங்களா? நீங்க எதுக்கு அப்படிப் பாக்குறீங்க? உங்களுக்கு அந்த அண்ணாச்சியத் தெரியுமா? சத்தியமா? சரி.

நான் சும்மா சந்தேகப்படல. பொறி வச்சேன். அண்ணாச்சி குரல்ல சங்கிலி மாமாவுக்குப் போன் அடிச்சேன். அவரு தொண்டையில கட்டெறும்பு ஏறுன மாதிரி பேசுவாரு. "வணக்கம் சங்கிலி, கடையிலருந்து பேசுதேன். கோழி செத்துப் போச்சாமே? அந்த டப்பா மருந்து கோழிக்கு ஆகாதுன்னு நான் சொன்னேன்லா?"

மாமா என்ன சொன்னாரு தெரியுமா? "அதாவது அண்ணாச்சி, அதுனாலதான் கோழிய எந் தோட்டத்துப் பக்கமே விடல. செத்த புழு ஒண்ணத் தின்னாக்கூடப் போயிரும்னு நீங்கதான சொன்னீங்க. அதாவது நான் பஞ்சாரத்துலயே வச்சிருந்தேன். அந்த வேலம்மா தோட்டத்துல என்னத்தத் தின்னுச்சோ."

பாத்தீங்களா எம்புட்டு உஷாரு? ஒரு வார்த்தை மாட்டுறாரா பாருங்க. தப்புப் பண்ணுனவன்தான்ணே இப்படிக் கணக்காப் பேசுவான்.

அதுனாலதான் ஆஸ்பத்திரி. டாக்டரு அறுத்துப் பாத்தா சங்கிலி மாமா டப்பா மருந்துதான் உள்ள இருக்கும். பந்தயம் கட்டுறேன். அந்தச் சீட்டக் கொண்டு போயி நாளைக்குக் கூட்டத்துல நடுவுல வைக்கிறேன். அப்ப மாமா "அதாவது, அதாவது"ன்னு முழிக்கிறத நீங்க பாக்கணும். ஊரே அவரு மேல காறித் துப்பும். எங்கம்மாகிட்ட வந்து பிள்ளைக தட்ட நீட்டும்.

டாக்டரு எப்படிக் கேப்பாருன்னு இப்பவே ஒத்திகை பாத்துக்கிறேன். அவர நான் பாத்ததே இல்ல, ஆனா டாக்டர்களுக்கெல்லாம் மூக்குலதான்ணே பேச்சு. கேளுங்க, ரெண்டு குரலும் நானே.

"வாப்பா. என்ன, நாட்டுக்கோழியா?"

"ஆமா சார்."

"சீக்குப் பிடிச்ச மாதிரி இருந்துச்சா? கழிச்சல் இருந்துச்சா?"

"இல்ல சார். காலையில நல்லா ஓடுச்சு சார்."

"எங்க மேஞ்சுது?"

"எங்க கோசுத் தோட்டத்துல சார்."

"அங்க என்னப்பா தின்னுச்சு?"

"அங்க என்ன சார் இருக்கு, கோசு இருக்கு. எங்கம்மா எலை மருந்து அடிச்சது. அதக் கோழி தொடாது சார், கசக்கும். வேற என்ன... செடிக்குக் கீழ மண்ணத்தான் கெளறுச்சு. கீழ..."

கீழ.

இருங்கண்ணே.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி இருக்கா? இருந்தா ஒரு மடக்குக் குடுங்க.

அதெல்லாம் எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும்ணே. வெள்ளிக்கெழம தூவுனது. ஞாயித்துக்கெழம வரைக்கும் கெடக்குமா? நான் திங்கக்கெழம போயிப் பாத்தேன், ஒரு புழு இல்ல. ஒண்ணுகூட இல்ல. தரை பூராம் கெளறிக் கெடந்துச்சு. எறும்பு கெளறாதுல்ல. எறும்பு எதுக்குக் கெளறப் போகுது.

அண்ணே, உங்களுக்கு முதல்லயே தெரிஞ்சிருச்சா? எப்ப தெரிஞ்சுது? புழு அள்ளுனேன்னு சொன்னப்பவேவா? அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் தலைய ஆட்டிக்கிட்டு வந்தீங்க? நெசமாவே கண்ணாடிக் கடைதானா நீங்க?

"ஆஸ்பத்திரி எறங்கு! மாட்டாஸ்பத்திரி எறங்கு எறங்கு!"

இல்லண்ணே, இப்ப நான் பேசல. நெசமாவே கண்டக்டருதான்.

நான் எறங்கல. கூப்புடாதீங்க, அவரு பாக்குறாரு. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன். கொஞ்சம் யோசிக்கணும். டாக்டரு பாத்தா என்ன சொல்லுவாரு? டப்பா மருந்துன்னு சொல்லுவாரு. அப்ப எங்கம்மா தப்பிச்சிரும்ல? சங்கிலி மாமா மாட்டுனா என்ன? அவரு வாங்குன மருந்துதான? அவரு அடிச்சதுதான? நான் கொண்டு போனேன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கு. உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

எடுத்துட்டாரு வண்டிய. சரி. போகட்டும்.

போன் அடிக்குது. எங்கம்மாதான். காதுல வச்சாக் கேக்காதுண்ணே, காது ஸ்பீக்கர் போச்சு, லவுட்ஸ்பீக்கர்லதான் போடணும்.

"யோகேசு, எறங்கிட்டியாடா?"

"ம்... இந்தா, எறங்கப் போறேன்மா."

"டாக்டரு என்ன சொன்னாலும் மறைக்காம எங்கிட்டச் சொல்லுடா. எருக்க ஒரு கை கூடப் போட்டுட்டேனோன்னு இருக்குடா எனக்கு. யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகம் வர மாட்டேங்குது. நான்தான் மதினிகிட்டத் தொறந்து விடுன்னு சொன்னேன்."

"நீ இல்லம்மா."

"பொறுடா, பேசவிடு. நாளைக்குக் கூட்டம் வரைக்கும் எதுக்குக் காக்கணும்? நானே இப்பப் போயி ஹெட்மாஸ்டர்கிட்ட அடுப்படிச் சாவியக் குடுத்துறலாம்னு பாக்குறேன். சின்னப் பிள்ளைக திங்கிற எடம்டா. எங் கையி மேல எனக்கே நம்பிக்கை இல்லாம எப்படிறா நான் உப்புப் போடுவேன்?"

"அம்மா, சாவியக் குடுக்காத. குடுக்காதம்மா. ஒரு மணி நேரம் பொறு. எருக்கு இல்லம்மா. ஒம் மருந்து இல்ல. வந்து சொல்றேன். இல்ல, வந்துல்லாம் இல்ல, அங்கருந்தே போன் போட்டுச் சொல்றேன். நீ அடுப்படியிலயே இரு."

வச்சிருச்சு.

கண்டக்டரண்ணே! நிப்பாட்டுங்க! எறங்கணும்! ஆமாண்ணே, தூங்கிட்டேன். ஆமா, ஸ்டாப்பு போயிருச்சு, திட்டுங்க, திட்டிக்கிட்டே நிப்பாட்டுங்க. ஆமா, அந்த 'ரேய்ட்'டும் நான்தான், அதுக்கும் சேத்துத் திட்டிக்கங்க.

அண்ணே, நீங்க எதுக்கு எந்திரிக்கிறீங்க? உங்க கடைக்கு இன்னும் தூரம் இருக்குல்ல? கூட வர்றீங்களா? எதுக்கு, நான் சொல்றேனா இல்லையான்னு பாக்கவா?

சரி, வாங்க. திரும்பி நடக்க நல்ல தூரம் இருக்கு. அம்புட்டு தூரத்துல நான் ஒரு புதுக்கதைய ஜோடிச்சிருவேன்ணே, எனக்கு என்னயத் தெரியும். டாக்டரு கேட்ட ஒடனே சங்கிலி மாமா பேருதான் மொதல்ல வாயில வந்து நிக்கும். அப்படி வந்துச்சுன்னா நீங்க சும்மா நிக்காதீங்க. எல்லாத்தையும் நீங்களே சொல்லிருங்க.